அந்த ஆய்வில் என்னைப் போன்றவர்கள் இருந்தார்களா?

மார்பகத்தின் பால் நாளங்களுக்குள் தோன்றும் புற்றுக்கு மும்பையில் சிகிச்சை பெற்று, அதன் நடுவிலேயே ஒரு மருத்துவ ஆய்விலும் சேர்ந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எனக்கு வயது 54. கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகன் மெல்பர்னில் வேலை பார்க்கிறான். செம்பூரில் தனியாக இருக்கிறேன். நோயைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் யாரேனும் ஒருவர் "ஆய்வுகள் இப்படித்தான் சொல்கின்றன" என்று தொடங்கி ஒரு முடிவை என் முன் வைத்தார்கள். அந்த ஆய்வு எத்தகைய பெண்களிடம் நடந்தது, எத்தனை ஆண்டு நடந்தது, அதில் என்னைப் போன்றவர்கள் இருந்தார்களா என்று கேட்க வேண்டும் என எனக்குச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் நிற்கப்போகும் இன்னொருத்திக்காகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுப் பரிசோதனையில் மேமோகிராமும், அதாவது மார்பகத்தின் எக்ஸ்ரே படமும் சேர்த்திருந்தது. எனக்குக் கட்டியும் இல்லை, வலியும் இல்லை. இடது மார்பின் படத்தில் மட்டும் உப்புத்தூளைச் சிதறவிட்டதுபோல் நுண்ணிய சுண்ணத் துகள்கள் தெரிந்தன. இத்தகைய துகள்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை. அவற்றின் வடிவமும் அவை கூடியிருக்கும் விதமும்தான் மருத்துவரைச் சந்தேகப்பட வைக்கும். வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சோனோகிராம் பார்த்துக்கொண்டே ஊசியால் சதை எடுத்து, சுமார் 16,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, "ஒன்றுமில்லை, தீங்கற்றது" என்று அறிக்கை கொடுத்தார்கள். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. வேறொரு மையத்தில் படங்களைக் கண்ட கதிரியக்க மருத்துவர்தான், இவ்வளவு நுண்ணிய துகள்கள் சோனோகிராமில் பல நேரம் தெரியாது என்றும், மேமோகிராம் வழிகாட்டச் செலுத்தும் ஊசியால்தான் எடுக்க வேண்டும் என்றும், எடுத்த சதைத் துண்டுகளையே எக்ஸ்ரே எடுத்து அவற்றில் துகள்கள் வந்திருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும் என்றும் விளக்கினார். முதல் அறிக்கையில் சுண்ணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஊசி வேறிடத்தில் இறங்கியிருந்தது. இரண்டாம் முறை எடுத்ததற்கு 40,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. படத்தில் சுண்ணத் துகள்களுக்காகவே உங்களை ஊசிக்கு அனுப்பினால், எடுத்த துண்டுகளின் எக்ஸ்ரே எங்கே என்று கேளுங்கள். படமும் திசு அறிக்கையும் ஒத்துப்போகாமல் இருக்கும்போது "தீங்கற்றது" என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

இரண்டாம் அறிக்கையில் டி.சி.ஐ.எஸ். என்று வந்தது. பால் நாளத்தின் உட்புறத்தில் புற்று அணுக்கள் பெருகியிருக்கின்றன, ஆனால் நாளத்தின் சுவரைத் துளைத்து வெளியே வரவில்லை என்பது அதன் பொருள். இதைப் பூச்சிய நிலை என்பார்கள். சுவரைத் துளைத்து வெளியே பரவினால் அது ஊடுருவிய நாளப் புற்று. மார்பகப் புற்றுகளில் மிகப் பெரும்பான்மை அந்த வகைதான். மேமோகிராம் திட்டமாக நடக்கும் நாடுகளில் பூச்சிய நிலை நிறையக் கண்டுபிடிக்கப்படுகிறது. நம் நாட்டில் பெண்கள் பெரும்பாலும் கட்டியோடுதான் மருத்துவரிடம் வருவதால் இது அரிது. அரிது என்பதாலோ என்னவோ, முதலில் பார்த்த அறுவை நிபுணர் எனக்கு அதை விளக்கவில்லை. உயர் தர வகை, அதாவது அணுக்கள் இயல்பிலிருந்து மிகவும் மாறி வேகமாகப் பெருகக்கூடியது, மார்பை முழுவதும் எடுத்துவிட வேண்டும், இந்த வாரமே செய்துவிடலாம் என்றார். நான் ஒரு வார்த்தை பேசாமல் 50,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். அந்த இரவு யாரையும் தொலைபேசியில் அழைக்கவில்லை. அழைத்தால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

மறுநாள் மகன் வற்புறுத்தியதால், புற்றுநோய்க்கென்றே இயங்கும் பெரிய மருத்துவமனை ஒன்றில் என் திசுவின் ஸ்லைடுகளை, அதாவது நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் தகடுகளை மறுபரிசீலனைக்குக் கொடுத்தேன். இரண்டாம் முறை சதை எடுத்த இடம் ஸ்லைடுகளை உடனே தந்தது; திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியை, அதாவது பாரஃபின் பிளாக்கைத் தரப் பல நாள் இழுத்தடித்தது. எழுத்தில் கேட்டு, பெற்ற கையொப்பத்தைக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் வந்தது. அந்தக் கட்டிகள் வெயிலில் உருகும். மும்பையின் மே மாதத்தில் டாக்ஸியின் முன்கண்ணாடி அருகே வைத்துக்கொண்டு போகாதீர்கள். மறுபரிசீலனையில் டி.சி.ஐ.எஸ். உறுதியானது; ஆனால் தரம் உயர்ந்தது அல்ல, நடுத்தரம் என்று வந்தது. ஒரே ஸ்லைடைப் பார்த்து இரு நோய்க்குறியியல் நிபுணர்கள் தரத்தில் வேறுபடுவது இந்த நோயில் அறியப்பட்ட சங்கதி என்றும், பூச்சிய நிலையில் இரண்டாம் கருத்துக்காகச் சில வாரங்கள் செலவழிப்பதால் தீங்கு நேராது என்றும் புதிய மருத்துவர் சொன்னார். முன்பணத்தில் அறை ஒதுக்கியதற்கென்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்கள். போன பணத்துக்கு வருந்தினேன். போகாமல் நின்ற மார்பை நினைத்து அந்த வருத்தத்தை விட்டுவிட்டேன்.

மார்பை வைத்துக்கொண்டே நோயுள்ள பகுதியை மட்டும் அகற்றலாம் என்பதற்கு ஆதாரம் என்ன என்று புதிய மருத்துவரிடம் கேட்டேன். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் நடந்த ஆய்வின் இருபது ஆண்டு முடிவு 2002ல் வெளியானதையும், அதில் மார்பை முழுவதும் எடுத்தவர்களுக்கும் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஆயுளில் வேறுபாடு இல்லை என்று தெரிந்ததையும் சொன்னார். உடனே அவரே, "ஆனால் அது ஊடுருவிய புற்று உள்ளவர்களிடம் நடந்தது, உங்களுக்கு உரியது வேறு" என்று சேர்த்துக்கொண்டார். எந்த ஆய்வில் யார் இருந்தார்கள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான். டி.சி.ஐ.எஸ். உள்ளவர்களை மட்டும் கொண்டு 1985ல் தொடங்கிய பி-17 என்ற ஆய்வில் 818 பெண்கள் சேர்ந்தார்கள். பாதிப்பேருக்கு அறுவை மட்டும், மற்றவர்களுக்கு அறுவையோடு கதிர்வீச்சு. பதினைந்து ஆண்டுகளில் அதே மார்பில் ஊடுருவிய புற்று வந்தவர்கள் முதல் பிரிவில் 19.4 விழுக்காடு, கதிர்வீச்சு பெற்ற பிரிவில் 8.9 விழுக்காடு. இதுபோன்ற ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010ல் வெளியிட்ட தொகுப்பிலும், பத்தாண்டில் அதே மார்பில் நோய் திரும்புவது 28.1 விழுக்காட்டிலிருந்து 12.9 விழுக்காடாகக் குறைந்தது. இறப்பில் மட்டும் மாற்றம் இல்லை. ஆயுளை நீட்டிக்காத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நான் கேட்டேன். திரும்பி வருவதில் ஏறக்குறைய பாதி ஊடுருவிய வடிவில் வருகிறது. அப்போது கீமோ உட்பட எல்லாவற்றையும் தொடங்க வேண்டியிருக்கும் என்றார் அவர். அது எனக்குப் போதுமான விடையாக இருந்தது. வேறொருத்திக்கு இல்லாமலும் போகலாம்.

இதற்கிடையில் மகன் ஒரு செய்தியை அனுப்பி, "அம்மா, அறுவையே வேண்டாமாம், கண்காணித்தால் போதுமாம்" என்று எழுதியிருந்தான். 2024 டிசம்பரில் வெளியான காமெட் ஆய்வு அது. குறைந்த அல்லது நடுத்தர டி.சி.ஐ.எஸ்., ஹார்மோன் ஏற்பிகள் உள்ள, அதாவது ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும் வகை, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் என்று தேர்ந்த 957 பெண்களின் முடிவுகள் அதில் உள்ளன. இரண்டாண்டு முடிவில் ஊடுருவிய புற்று கண்டறியப்பட்டது, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 5.9 விழுக்காட்டினருக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்துக் கண்காணித்த பிரிவில் 4.2 விழுக்காட்டினருக்கு. கண்காணிப்பு மோசமானதில்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. நான் ஏறக்குறைய அந்த வரையறைக்குள் வருகிறேன் என்பதால் இதைத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட பிரிவை ஏற்காமல் மாறிக்கொண்டவர்கள் அதில் நிறைய. காலமும் இரண்டு ஆண்டுதான். இரண்டு ஆண்டின் முடிவை நம்பி இருபது ஆண்டு வாழ எனக்குத் துணிவு வரவில்லை. இன்னும் பத்தாண்டு கழித்து அதே ஆய்வின் எண்கள் வரும்போது, என் இடத்தில் இருப்பவள் வேறு முடிவெடுக்கக்கூடும்.

அறுவை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கையால் தடவிப் பார்த்தால் தெரியாத நோய் என்பதால், அன்று காலை மேமோகிராம் பார்த்து ஒரு மெல்லிய கம்பியை அந்த இடத்தில் செருகினார்கள். அறுவை நிபுணர் அதைப் பின்தொடர்ந்து வெட்டினார். வெட்டிய சதையை அங்கேயே எக்ஸ்ரே எடுத்துத் துகள்கள் வந்ததை உறுதி செய்தார்கள். வலியைவிட, அந்தக் கம்பியோடு சக்கர நாற்காலியில் பொது வராந்தாவில் காத்திருந்த நேரம்தான் கூச்சமாக இருந்தது. ஒரு சால்வை கொண்டுபோங்கள். திசு அறிக்கையில் வெட்டின் ஓரத்துக்கும் நோய்க்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள், டி.சி.ஐ.எஸ்.ஸுக்கு 2 மில்லிமீட்டர் என்பது ஏற்கப்பட்ட அளவு. அறுவைக்கு முன் கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டால் ஆயுள் கூடுமாமே என்றும் கேட்டேன். டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையில் இந்தியாவின் 11 மையங்களில் நடந்து 2023ல் வெளியான ஆய்வு அது. அறுவைக்குச் சில நிமிடங்களுக்கு முன் லிடோகெய்ன் செலுத்தப்பட்டவர்களில் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 90.1 விழுக்காடு, செலுத்தப்படாதவர்களில் 86.4 விழுக்காடு. விலை மிகக் குறைந்த, காப்புரிமை எதுவும் இல்லாத ஒரு மருந்தைப் பற்றி எந்த நிறுவனமும் இப்படி ஆய்வு செய்ய முன்வராது. பொது நிறுவனம் செய்ததால்தான் நமக்குத் தெரியவந்தது என்பதில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. ஆயினும் அதில் இருந்தவர்கள் ஊடுருவிய புற்று உள்ளவர்கள். எனக்கு அது பொருந்தாது. உங்கள் அறிக்கையில் ஊடுருவிய புற்று என்று இருந்தால் அறுவை நிபுணரிடம் அவசியம் கேளுங்கள்.

பணத்தில் எனக்கு விழுந்த பெரிய அடி காப்பீட்டிலிருந்து வந்தது. பல ஆண்டுகளாக இரண்டு காப்பீடுகளுக்குப் பணம் கட்டி வந்தேன். மருத்துவமனைச் செலவுக்கான மெடிக்ளைம் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் பெரும்பகுதியைக் கொடுத்தது. கடும் நோய் வந்தால் 10 லட்சம் ரூபாய் மொத்தமாகத் தரும் மற்றொரு காப்பீடு ஒரு ரூபாயும் தரவில்லை. அத்தகைய காப்பீடுகளில் புற்றுநோய்க்கு உள்ள வரையறையிலேயே, தோன்றிய இடத்தைவிட்டு ஊடுருவாத புற்று விலக்கப்பட்டிருக்கிறது. புற்று என்று சொல்லி மார்பை வெட்டுகிறார்கள், கதிர் வைக்கிறார்கள், காப்பீட்டுக்காரருக்கு மட்டும் அது புற்று இல்லை என்று எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் பத்திரத்தில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. வீட்டில் இருக்கும் பத்திரத்தை இன்றே எடுத்து விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். நிறுவப்படாத சிகிச்சைக்குப் பணம் இல்லை என்ற விலக்கும் மெடிக்ளைமில் உண்டு. ஆகவே ஆய்வில் சேர்வதற்கு முன், அதில் தரப்படும் சிகிச்சைக்குப் பணம் கிடைக்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் அந்த மின்னஞ்சல்தான் பின்னால் கைகொடுத்தது.

ஆய்வுக்கான அழைப்பு, அறுவைக்குப் பின் கதிர்வீச்சுப் பிரிவில் காத்திருந்தபோது வந்தது. ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் இளம்பெண் வந்து, வழக்கமான மூன்று வாரக் கதிர்வீச்சையும் ஒரே வாரத்தில் ஐந்து முறை தருவதையும் ஒப்பிடுகிறோம், சேர விருப்பமா, விருப்பமானால் இங்கே கையெழுத்திடுங்கள் என்றார். மூன்று வாரம் ஒரு வாரமாகும் என்றதும் என் மனம் பேனாவை நோக்கிப் போய்விட்டது. தனியாக இருப்பவளுக்கு அது எத்தனை பெரிய ஆசை என்று சொல்லி விளக்க முடியாது. இருந்தாலும் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்றேன். அது நம் உரிமை. தர மறுக்கும் இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது. ஆங்கிலம், இந்தி, மராத்தி படிவங்கள் மேசை மேல் இருந்தன. தமிழ்ப் படிவம் கேட்ட பிறகு உள்ளேயிருந்து வந்தது. ஆய்வில் சேர்பவர்களின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மும்பையில் நம்மவர் எண்ணிக்கைக்கு அது பல இடங்களில் இருக்கும்.

வீட்டில் அமர்ந்து படித்ததில், ஆய்வு எதற்கு என்பது முதலில் விளங்கியது. 2020ல் வெளியான ஃபாஸ்ட் ஃபார்வர்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு வாரத்தில் 26 கிரே (கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு) தருவதும் மூன்று வாரத்தில் 40 கிரே தருவதும் நோயைக் கட்டுப்படுத்துவதில் சளைத்தவை அல்ல என்று தெரிந்திருந்தது. அங்கும் அதே கதை: சேர்க்கப்பட்டவர்கள் ஊடுருவிய புற்று உள்ளவர்கள். அந்த இடைவெளியை நிரப்ப என்னைப் போன்றவர்கள் தேவைப்பட்டார்கள். எந்தப் பிரிவு என்பதைக் கணினி குலுக்கிப்போட்டு முடிவு செய்யும். நானும் தேர்ந்தெடுக்க முடியாது, மருத்துவரும் முடியாது. பிறகு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஆய்வில் சேராவிட்டால் எனக்கு என்ன தரப்படும், பாதியில் விலகினால் சிகிச்சை நிற்குமா, ஆய்வினால் பாதிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், என் அறிக்கைகளை யார் படிப்பார்கள், எத்தனை ஆண்டு வரவேண்டும், பணம் யாருடையது என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்குத்தான் ஒருங்கிணைப்பாளர் சற்றுத் தயங்கினார். வழக்கமான கதிர்வீச்சுக்கு நானே கட்ட வேண்டும். ஆய்வுக்கென்று கூடுதலாக எடுக்கும் படங்களுக்கும் பரிசோதனைகளுக்கும் கட்ட வேண்டியதில்லை. பின்தொடர் வருகைகளுக்குப் பயணப்படி உண்டு என்றார். ஆய்வு என்றால் எல்லாம் இலவசம் என்று பலர் எண்ணுகிறார்கள்; அப்படி இல்லை. புதிய மருந்துகளுக்கான ஆய்வுகள் 2019ஆம் ஆண்டு விதிகளின்கீழ் நடக்கின்றன. ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் அவற்றில் உண்டு. என்னுடையதுபோல் மருந்து இல்லாத ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் பொருந்தும். எதன்கீழ் நடக்கிறது என்று கேட்டு, நெறிமுறைக் குழுச் செயலாளரின் தொலைபேசி எண் படிவத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நான் அந்த எண்ணை அழைத்தேன், எடுத்துப் பேசினார்கள்.

நான் காத்திருந்த அதே பெஞ்சில் தாராவியிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். கையில் அதே படிவம். "கையெழுத்துப் போட்டா சீக்கிரம் கூப்பிடுவாங்களாம்ல, தாயி?" என்று கேட்டார். ஒருங்கிணைப்பாளரை அழைத்துக் கேட்டதில், சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வரிசை ஒன்றுதான் என்றார். யாரும் அந்த அம்மாவிடம் பொய் சொல்லவில்லை, யாரும் சரியாக விளக்கவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். நான் இருக்கிறேன் என்று சொல்லி, படிவத்தை வரிவரியாக அவருக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டபின் அவர் வேண்டாம் என்று விட்டார். ஒருங்கிணைப்பாளர் முகம் சுளிக்கவில்லை. அந்த ஆய்வில் எனக்கு நம்பிக்கை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அழைத்தவர்கள் எல்லோரும் இப்படியிருக்கவில்லை. எப்படியோ என் எண்ணைப் பெற்ற ஒரு நிலையத்திலிருந்து, உடலின் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டி நாளப் புற்று திரும்பாமல் தடுக்கும் ஆய்வு என்று சொல்லி, இடம் ஒதுக்க 3,000 ரூபாயும் சேர்ந்தபின் சில லட்சங்களும் கேட்டார்கள். அந்த 3,000 போனது போனதுதான். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளைப் பதிவுசெய்ய 2007ல் தொடங்கிய சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. மருந்து ஆய்வுகளை அதில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். அந்த நிலையத்தின் ஆய்வு அதில் இல்லை. பதிவு எண்ணைக் கேட்டபோது தொலைபேசி துண்டிக்கப்பட்டது. நான் சேர்ந்த ஆய்வு அங்கே இருந்தது: நோக்கம், நடத்துபவர், மையங்கள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், எல்லாம் இருந்தன. வழக்கமான சிகிச்சைக்கு அப்பாற்பட்ட ஆய்வுச் செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது என்பது மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. சேர்வதற்குக் கட்டணம் கேட்கும் ஆய்வை மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம்.

கையெழுத்திட்டேன். குலுக்கலில் எனக்கு மூன்று வாரப் பிரிவு விழுந்தது. ஏமாற்றத்தில் மருத்துவமனைக் கழிவறையில் நின்று அழுதேன். நோய் என்று கேட்டபோதுகூட அப்படி அழவில்லை. ஒரு வாரப் பிரிவு சிறந்தது என்று தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை என்று அறிவுக்குப் புரிந்தது. மனம் அதைக் கேட்க இரண்டு நாள் பிடித்தது. இத்தகைய ஆய்வில் சேர்வதானால், உங்களுக்குப் பிடிக்காத பிரிவு விழுந்தால் அதை ஏற்பீர்களா என்று கையெழுத்துக்கு முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். செம்பூரிலிருந்து ஹார்பர் ரயிலில் குர்லா வந்து மாறிப்போனேன். மருத்துவமனைச் சான்று இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்று நோயாளிகளும் ஏறலாம், கூட்ட நேரத்தில் அது பெரும் உதவி. களைப்பு மூன்றாம் வாரத்தில் வந்து, முடிந்த பிறகுதான் உச்சத்துக்குப் போனது. விடுப்பை முதலிலேயே செலவழித்துவிட்டால் கடைசியில் சம்பளமில்லா விடுப்புதான், எனக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் போயிற்று. நோய் இடது பக்கமானால், மூச்சை ஆழ இழுத்துப் பிடித்திருக்கும்போது மட்டும் கதிரைச் செலுத்தி இதயத்தை விலக்கி வைக்கும் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு அப்படித்தான் தந்தார்கள், முந்திய வாரமே வீட்டில் பழகியது உதவிற்று.

அதன் பிறகு மாத்திரை. என் நோய்க்கு ஹார்மோன் ஏற்பி இருந்ததால் தடுப்பு மருந்து பற்றிப் பேச்சு வந்தது. மாதவிலக்கு நின்ற, அறுபதுக்குக் கீழானவர்களுக்கு உடலில் ஹார்மோனைக் குறைக்கும் அனாஸ்ட்ரோசோல், ஹார்மோனை ஏற்பியில் தடுக்கும் டாமோக்சிஃபெனைவிடச் சற்று மேலானது என்று பி-35 என்ற ஆய்வு காட்டியிருந்தாலும், அனாஸ்ட்ரோசோல் எலும்பை மெலியச் செய்யும். எனக்கு ஏற்கெனவே எலும்பு அடர்த்தி குறைவு. இத்தாலியில் 500 பெண்களிடம் நடந்து 2019ல் வெளியான ஆய்வில், வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதில் தினம் 5 மில்லிகிராம் டாமோக்சிஃபெனை மூன்றாண்டு தந்தபோது, ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் நோய் வந்தவர்கள் 5.5 விழுக்காடு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 11.3 விழுக்காடு. அதில் டி.சி.ஐ.எஸ். உள்ளவர்கள் இருந்தார்கள். இங்கும் என் கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைத்தது. மருத்துவர் குறைந்த அளவையே எழுதினார். மாதவிலக்கு நின்றபின் ரத்தப் போக்கோ, காலில் வீக்கமோ வந்தால் உடனே வரச் சொன்னார். மாத்திரையின் விலை என் மற்ற செலவுகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

தென்காசியில் இருக்கும் தங்கைக்கு வயது 47. "அக்கா, நானும் அந்த மாத்திரையை இப்பவே போட்டுக்கிடட்டா? பாதிக்குப் பாதி குறையுதாம்" என்று கேட்டாள். அவள் படித்தது, 1998ல் வெளியான, 13,388 ஆரோக்கியமான பெண்களிடம் நடந்த தடுப்பு ஆய்வைப் பற்றி. 49 விழுக்காடு குறைவு என்பது உண்மை. ஆனால் ஆயிரம் பெண்களில் ஏறக்குறைய ஆறு ஆண்டில் 43 பேருக்கு வந்திருக்கக்கூடியது 22 பேருக்கு வந்தது என்று சொன்னால் அது வேறு விதமாகக் கேட்கிறது. கருப்பைப் புற்று கூடியது, ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் நான்கு மடங்கு. சேர்ந்தவர்கள் எல்லோரும் ஆபத்து அதிகம் என்று கணக்கிட்டுத் தேர்ந்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளை இனத்தவர். அவளை முதலில் மரபணு ஆலோசகர் ஒருவரிடம் போகச் சொன்னேன். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் மார்பைப் பரிசோதிப்பதைப் பற்றி நம் மும்பையிலேயே 1998ல் தொடங்கி, 1,51,538 பெண்களை இருபது ஆண்டு பின்தொடர்ந்த டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2021ல் வெளியானது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு நோய் முந்திய நிலையில் பிடிபட்டது. ஐம்பதும் அதற்கு மேலுமானவர்களில் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. அதற்கும் இளையவர்களிடம் அப்படித் தெரியவில்லை. தங்கைக்கு ஐம்பதாக இன்னும் மூன்றாண்டு இருக்கிறது. அக்காவுக்கு வந்ததால் அவள் காத்திருக்காமல் ஆண்டுதோறும் மேமோகிராம் எடுக்கட்டும் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார்.

ஆய்வில் என் பின்தொடர்தல் பத்தாண்டுக்கு. வீடு மாறினாலோ ஊர் மாறினாலோ ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். பாதியில் காணாமல் போகிறவர்கள் அதிகமானால் ஆய்வின் விடையே ஐயத்துக்கு இடமாகிவிடும். மகன் மெல்பர்னுக்கே வந்துவிடச் சொல்கிறான். போவதானால், அங்கிருந்து தொலைபேசி வழியாகவும் அங்கே எடுக்கும் மேமோகிராம்களை அனுப்பியும் தொடர முடியும் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடிதத்தையும், முதல் மேமோகிராமிலிருந்து இன்றுவரையுள்ள படங்களின் குறுந்தகடுகளையும், மெழுகுக் கட்டியைத் திருப்பிப் பெற்ற ரசீதையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.